ஹெல்மெட்டுக்குள் அடிக்கும் காற்று



சென்ற இதழில் இருசக்கர வாகனக் காப்பீடு பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றில் காப்பீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் மெடிக்கல் ரெப். வீடு மதுரையில். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று வாரம் முழுக்க நான்குவழிச் சாலையில்தான் பிழைப்பு. "ராத்திரி படுத்தா காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம் சார். வீட்ல கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் கேக்குது. ஹெல்மெட் போட்டாலும் காத்து சத்தம் காதைக் கிழிக்குது. சத்தமே வராத ஹெல்மெட் எதுன்னு சொல்லுங்க, எவ்வளவு ஆனாலும் வாங்கிடுறேன்" என்கிறார்.

காது மூக்கு தொண்டை மருத்துவரை முதலில் பாருங்கள் என்று அவருக்குத் தனியாகப் பதில் போட்டாயிற்று. கேள்வி அவர் ஒருவருடையது அல்ல என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன். வசூலுக்குப் போகிறவர்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகும் ஆசிரியைகள் என்று பலருக்கும் இது அன்றாடத் தொல்லை. ஆனால் ஹெல்மெட் பற்றி நாம் பேசுவதெல்லாம் போட்டாரா, போடவில்லையா என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஹெல்மெட்டைப் போலீஸுக்காக வாங்கிப் பழகியதுதான் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2015 ஜூலை 1 முதல் ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் கட்டாயம் ஹெல்மெட் போட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது கடைகளில் முண்டியடித்த கூட்டம் நினைவிருக்கும். யாரும் தலையின் சுற்றளவைச் சொல்லிக் கேட்கவில்லை. கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இன்று அபராதம் 1,000 ரூபாய். அதைவிடக் குறைந்த விலையில் சாலையோரத்தில் ஒன்று தொங்கினால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படி வாங்கியது நெற்றியை அழுத்தும், காதை மடக்கும், 60 கிலோமீட்டரைத் தாண்டினால் இரையும். அப்புறம் அது பெட்ரோல் டேங்கின் மேலோ முழங்கையிலோதான் பயணம் செய்யும், செக்போஸ்ட் தெரிகிறவரை.

அதனால் வசதியான, இரைச்சல் குறைந்த ஹெல்மெட்டை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். தலையில் தங்குவது அதுதான்.

இரைச்சல் எவ்வளவு என்று பார்ப்போம். பிரிட்டனில் 1990-களில் ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலிவாங்கி வைத்து அளந்திருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்திலேயே சுமார் 90 டெசிபல். 160-ல் சுமார் 110. டெசிபல் கணக்கு நம் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பின்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம். 88 ஆனால் 4 மணி, 91 ஆனால் 2 மணி, 94 ஆனால் ஒரே ஒரு மணி. 100-க்குக் கால் மணி நேரம்தான். நான்குவழிச் சாலையில் 80-ல் போகிறவரின் காதில் விழுவது 90-க்கும் 100-க்கும் நடுவில். மதுரையிலிருந்து விருதுநகர் போய்த் திரும்புவதற்குள் அவருடைய காது அன்றைய பங்கை முடித்துவிடும். உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மெல்லிய முடியணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ராத்திரிக் கேட்கும் அந்த 'ஙொய்' அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதால்தான் மருத்துவரிடம் அனுப்பினேன்.

என்ஜின் சத்தமும் சைலன்சரும்தான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஊருக்குள் 40-ல் ஓட்டும்வரை அதில் நியாயம் இருக்கிறது. பேருந்து ஹாரனையும் சேர்த்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏறக் காற்றின் இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அந்த இரைச்சலில் பெரும்பகுதியை உண்டாக்குவதே ஹெல்மெட்தான். வேகமாக வரும் காற்று ஹெல்மெட்டின் விளிம்புகளிலும் இடுக்குகளிலும் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல்தான் ஒலி. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் காற்றுச் சுரங்கத்தில் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டிச் சோதித்தபோது, தாடைக்குக் கீழே உள்ள திறந்த பகுதி இரைச்சலுக்கு முக்கியமான ஊற்றாக இருப்பதைக் கண்டார்கள். நாம் வைசர் கண்ணாடியையும் மேல் துவாரங்களையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, வில்லன் கழுத்தருகே உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொரு சிக்கல், இந்த இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் வகை நுரையும் மெத்தையும் கீச்சுக் குரல்களை ஓரளவு தடுக்கும். உறுமலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கனமான ஹெல்மெட் என்றால் சத்தம் வராது என்ற நம்பிக்கை அதனால் பலிப்பதில்லை. கழுத்து வலிதான் மிச்சம்.

சரி, கடைக்குப் போவோம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இல்லாததைக் கையில் எடுக்கவே வேண்டாம். 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் முத்திரையில்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். ஆனால் அது அடி தாங்குமா என்பதற்கான முத்திரை. 80 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே எப்படி இருக்கும் என்பதை உங்கள் தலைதான் சொல்ல வேண்டும்.

டெய்லர் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் ஹெல்மெட்டுக்குள் 580 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பதைத் தேடலாம். ஆனால் அளவு பாதி வேலைதான். ஒரே சுற்றளவுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொருவருக்கு உருண்டையாக இருக்கும். நீண்ட தலைக்காரர் உருண்டை ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியில் குத்தும், பக்கவாட்டில் தொளதொளக்கும். அந்தத் தொளதொளப்பு வழியாகத்தான் காற்று ஏறும். 'மீடியம் போட்டுப் பார்த்தேன், வலிக்குது. லார்ஜ் வாங்கிட்டேன்' என்று சொல்பவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது லார்ஜ் அல்ல, வேறொரு வடிவத்து மீடியம். கம்பெனி மாறினால் வடிவமும் மாறும். ஸ்டட்ஸ் பொருந்தாதவருக்கு வேகா பொருந்தலாம், ஸ்டீல்பேர்ட் பொருந்தலாம். விலையைப் பார்க்கும் முன் மூன்று நான்கு கம்பெனிகளைத் தலையில் ஏற்றி இறக்குவதில் வெட்கம் வேண்டாம்.

போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக அமுங்க வேண்டும். பேசும்போது உள்கன்னம் பல்லில் படுகிற மாதிரி இருந்தாலும் பயப்பட வேண்டாம். புதிய மெத்தை சில வாரங்களில் தளரும். நெற்றிப் பக்கம் தளராது, அங்கே வலி இருந்தால் விட்டுவிடுங்கள். இரு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது பெரிது. பக்கிளைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் கீழ்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால், விபத்தில் அது உங்களுக்கு முன்னால் உருண்டு போய்க்கொண்டிருக்கும்.

எல்லாம் சரி என்று தோன்றினாலும் கழற்றாதீர்கள். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கட்டும், நீங்கள் இருபது நிமிடம் போட்டபடியே நில்லுங்கள். பிறகு கழற்றிக் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். ஒரே இடத்தில் சிவந்து தடம் விழுந்திருந்தால் இரண்டு மணி நேரப் பயணத்தில் அது தலைவலியாகும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதோடும், தலைக்குத் துணித்தொப்பியோ கைக்குட்டையோ கட்டுகிறவர்கள் அதோடும் போட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவு நேரம் நிற்க விடாத கடைக்காரர் இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். ஆன்லைனில் மலிவு என்கிறார்கள்; திருப்பி அனுப்ப வசதி இருந்தால் மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வகைகளைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலைக்காரருக்கு முழுமுக ஹெல்மெட்டைத் தவிர வேறெதையும் சொல்ல எனக்கு மனம் வராது. தாடை திறந்திருக்கும் வகையில் காற்று நேராகக் காதுக்கு வரும்; இரைச்சலை விடுங்கள், விழுந்தால் தாடைக்குப் பாதுகாப்பே கிடையாது. முன்பகுதியைத் தூக்கிவிடும் மாடுலர் வகை டீக்கடையில் வசதி, ஆனால் மூட்டும் இடுக்கும் அதிகம் என்பதால் மலிவானவை பொதுவாகக் கூடுதலாகச் சத்தம் போடும். நெற்றியில் கூரை நீட்டிய ஹெல்மெட் மலைப் பாதைக்கு அழகு. 90-ல் போனால் அந்தக் கூரையைக் காற்று பிடித்துத் தூக்கும். மேலே ஒட்டிய கேமராவும் இந்தக் கணக்கில்தான் சேரும். வழவழப்பான, துருத்தல் இல்லாத ஓடுதான் அமைதியானது.

காற்றுத் துவாரங்கள் இல்லாத ஹெல்மெட் இன்னும் அமைதியானது என்பது உண்மை. ஆனால் மே மாதத்து விழுப்புரத்தில் அதைப் போட்டுக்கொண்டு யார் ஓட்டுவது? துவாரம் வேண்டும், மூடித் திறக்கிற மாதிரி வேண்டும். விசில் அடித்தால் எது விசில் அடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகச் செல்லோடேப் ஒட்டிப் பாருங்கள். வேறொருவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்தால் இந்தச் சோதனையைப் பத்திரமாகச் செய்யலாம்.

விலை கூடினால் அமைதியும் கூடுமா? ஓரளவு கூடும். ஜெர்மனியின் ஷூபெர்த் நிறுவனம் தன் சி5 ஹெல்மெட்டை 100 கிலோமீட்டர் வேகத்தில் 85 டெசிபல் என்று விளம்பரம் செய்கிறது. மாடுலர் வகையில் அது பெரிய சாதனை. இங்கே வரவழைத்தால் விலை அரை லட்சத்தைத் தொடும். அவ்வளவு கொடுத்தும் நாம் வந்து நிற்பது 85-ல், அதாவது நியோஷ் கோடு கிழித்த அதே இடத்தில். எவ்வளவு ஆனாலும் வாங்கிவிடுகிறேன் என்ற மதுரை நண்பருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அளவு பொருந்திய சாதாரண ஹெல்மெட்டோடு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக்கைச் சேர்த்தால் இதைவிட அமைதி கிடைக்கும்.

பஞ்சுபோல் இருக்கும் அந்தச் சின்ன உருளையை அலட்சியமாக நினைக்க வேண்டாம். சில பத்து ரூபாய்க்குக் கிடைப்பதன் உறையில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். சரியாகச் செருகாவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. விரல்களால் நன்றாக உருட்டி மெல்லியதாக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கி இழுத்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஹெல்மெட் போடும்போது உருவிவிடும். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். காதில் சீழ், வலி, அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செருக வேண்டாம்.

உடனே வரும் கேள்வி தெரியும்: பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்குமா? ஹெல்மெட் வந்த காலத்திலிருந்தே கேட்கப்படும் கேள்வி இது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கை, ஹெல்மெட்டால் முக்கியமான சாலை ஒலிகள் காதில் விழாமல் போவதில்லை என்று சொன்னது. ஹெல்மெட்டோ இயர் பிளக்கோ ஹாரனையும் குறைக்கிறது, காற்றிரைச்சலையும் குறைக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஹாரனை அமுக்குவது காற்றுதான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது மறைக்கக் காற்று இல்லை, ஆகவே அங்கே இயர் பிளக்குக்கு வேலையும் இல்லை. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதைச் செருகியிருந்தாலும் கண்ணாடியில் பின்னால் பார்க்கும் பழக்கத்துக்கு மாற்று கிடையாது.

இயர் பிளக்கை நினைத்துப் பயப்படும் அதே ஆள் இயர்போனில் பாட்டு கேட்டுக்கொண்டு போவதை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. உள்ளே 90 டெசிபல் காற்று இருந்தால் பாட்டு காதில் விழ அதையும் தாண்டி ஒலியைக் கூட்ட வேண்டும். இரைச்சலின் மேல் இரைச்சல். வழிகாட்டும் குரலுக்காக ஹெல்மெட்டுக்குள் புளூடூத் வைத்திருப்பவர்களும் இதை யோசிக்கட்டும்.

இருக்கிற ஹெல்மெட்டையே கொஞ்சம் அடக்க முடியுமா என்றால், முடியும். தாடைக்கடியில் மாட்டும் துணித் தடுப்பு சில மாடல்களில் கூடவே வரும். பலர் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி, முனைகளைச் சட்டைக்குள் செருகி. பறக்கிற மாதிரி விடக் கூடாது. பக்கிளைப் போடாமல் ஓட்டினால் ஹெல்மெட் காற்றில் மேலெழும்பி இரையும். ஸ்ட்ராப்பின் நுனி தொங்கினால் படபடவென்று ஓட்டில் அடிக்கும். வைசரை அரைகுறையாகத் திறந்து வைத்தாலும் இரைச்சல் கூடும். மூடிய வைசருக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் செத்துவிட்டது அல்லது திருகு தளர்ந்துவிட்டது.

வண்டியையும் ஒருமுறை விசாரிக்க வேண்டும். புல்லட்டுக்கும் மற்ற பெரிய வண்டிகளுக்கும் முன்னால் உயரமான விண்ட்ஷீல்டு மாட்டிய பிறகு சத்தம் கூடிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும் கலங்கிய காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து மோதினால் தலையே குலுங்கும். ஆளில்லாத நேர்சாலையில், மிதமான வேகத்தில், கொஞ்சம் குனிந்தும் கொஞ்சம் நிமிர்ந்தும் பாருங்கள். இரண்டில் ஏதோ ஒன்றில் இரைச்சல் சட்டென்று மாறினால் கோளாறு ஹெல்மெட்டில் இல்லை. விண்ட்ஷீல்டை இறக்கினாலோ, ஏற்றினாலோ, ஒரேயடியாகக் கழற்றினாலோ தீரும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கிறவர்களுக்கு மட்டும் என்னிடம் இயர் பிளக்கைத் தவிர யோசனை இல்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டவர்கள் சும்மா நடவில்லை. அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்மெத்தை கழற்றித் துவைக்கிற மாதிரி இருந்தால் வியர்வை நாற்றத்துக்காகப் போடாமல் விடும் சாக்குப் போய்விடும். வண்டிக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்தால் உள்நுரையில் பள்ளம் விழும். ஒருமுறை பலமாக அடிபட்டதை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

கடைசியாகப் பின்னால் உட்காருகிறவர்கள். பெரும்பாலான வீடுகளில் புதியது ஓட்டுகிறவருக்கு, பழையது மனைவிக்கோ அம்மாவுக்கோ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பின்சீட்டு பல வண்டிகளில் உயரம். முன்னால் இருப்பவரின் தலை கலக்கிவிட்ட காற்று நேராக அவர்கள் மேல்தான் வருகிறது. இரைச்சல் அவர்களுக்கு இன்னும் கூடுதலாக இருக்கலாம். அவர்களையும் கடைக்கு அழைத்துப் போய் அளந்து வாங்குங்கள். கொண்டை போட்டு அதன்மேல் மல்லிகைச் சரத்தையும் சுற்றிக்கொண்டு ஹெல்மெட் போட்டால் அது முன்பக்கம் சாய்ந்து, பிடரியில் ஒரு கை நுழைகிற இடைவெளி விடும். தாழப் பின்னிய சடையோடு அளவெடுத்து, ஓட்டும்போதும் அப்படியே பின்னிக்கொண்டால் ஹெல்மெட் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும். பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம், அல்லது ஹெல்மெட்டுக்குக் கீழே வருகிற மாதிரி சடையின் நடுவில்.

ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கும் ஹெல்மெட்டும் பிணைப்புப் பட்டையும் வேண்டும், அவர்கள் இருக்கும்போது வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022-ல் விதி கொண்டுவந்தது; அடுத்த ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. குழந்தை ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தால் அடம் என்று நினைக்காமல் அளவைச் சரிபாருங்கள். வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி வைக்கும் பள்ளிச் சீருடைக் கணக்கு இதற்கு ஆகாது.

அன்புடன்,
ஆசிரியர்